எட்டு ஸ்லைடு, பத்து நிமிடம்: சாட்பாட் துணையோடு தமிழில் படைப்பு தயாரிக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருக்கும் அண்ணன் ஒருவர் வியாழக்கிழமை இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்தார். "தம்பி, சனிக்கிழமை காலையில பெற்றோர் சந்திப்பு. பிள்ளைய முதலாம் ஆண்டுல எங்க சேர்க்கிறதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க வர்றாங்க. நான் பத்து நிமிஷம் பேசணும். ஸ்லைடு போட்டுக் குடுப்பா. இப்பதான் ஏஐ இருக்கே, அஞ்சு நிமிஷ வேலைதானே?"

மூன்று மணி நேரம் ஆனது. அதில் ஸ்லைடுகளைக் கட்டியது அரை மணி நேரம்தான். மீதி இரண்டரை மணி நேரம் எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், சிறுதொழில் என்று பினாங்கில் பலருக்குப் படைப்பு (பிரசன்டேஷன்) செய்து கொடுத்திருக்கிறேன். சாட்பாட்டை எந்த இடத்தில் நம்பி விடலாம், எந்த இடத்தில் நாமே இறங்கி வேலை பார்க்க வேண்டும் என்பது அப்படிப் பழகித்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த அண்ணனின் பேச்சையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வாக்கியம்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட், எதைத் திறந்தாலும் பலர் முதலில் தட்டுவது "தமிழ்ப்பள்ளியின் முக்கியத்துவம் பற்றி 10 ஸ்லைடு தயார் செய்" என்பதுதான். அரை நிமிடத்தில் வந்துவிடும்: முன்னுரை, வரலாறு, நன்மைகள், சவால்கள், தீர்வுகள், முடிவுரை. ஜொகூரில் ஒருவர் கேட்டாலும் சேலத்தில் ஒருவர் கேட்டாலும் ஏறக்குறைய இதேதான் வரும். மண்டபத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

அதனால் கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். கேட்டவர்கள் எழுந்து போகும்போது எதை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்? அண்ணனிடம் இதைக் கேட்டபோது "தமிழ்ப்பள்ளி நம்ம உரிமை" என்றார். "சரிதான் அண்ணே. ஆனா சனிக்கிழமை வர்றவங்க மனசுல எது ஓடுது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மலாய் மொழிதான். தமிழ்ப்பள்ளியில போட்டா மலாய் வராதுன்னு பயப்படுறாங்க." வாக்கியம் அங்கேதான் கிடைத்தது: தமிழ்ப்பள்ளியில் என் பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வரும், அதற்கு வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துகொண்டேன்.

பிறகு வந்த ஒவ்வொரு ஸ்லைடையும் இந்த வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒட்டாததை எடுத்துவிட்டோம்.

சாட்பாட் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள்

நான் கற்றுக்கொண்டதில் ஆகப் பயனுள்ளது இதுதான். சாட்பாட்டிடம் ஸ்லைடு கேட்காமல், அதை நம்மிடம் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும். நான் கொடுத்த கட்டளையை அப்படியே தருகிறேன்:

"நான் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசப் போகிறேன். ஏறக்குறைய 40 பேர் வருவார்கள். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் மனத்தில் நிற்க வேண்டியது இந்த வாக்கியம். இப்போது ஸ்லைடு எதுவும் எழுதாதே. இந்தப் பேச்சைத் தயாரிக்க உனக்குத் தெரிய வேண்டியதை என்னிடம் கேள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. நான் பதில் சொன்ன பிறகு அடுத்தது. பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம்."

"ஒரு நேரத்தில் ஒரே கேள்வி" என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பத்தையும் மொத்தமாகக் கொட்டும், நாமும் ஒற்றை வரியில் பதில் எழுதித் தள்ளிவிடுவோம். தட்டச்சு சிரமம் என்றால் கைப்பேசி விசைப்பலகையில் ஒலிவாங்கியை அழுத்தித் தமிழிலேயே பேசுங்கள். எழுத்துப்பிழையோடு விழுந்தாலும் சாட்பாட் புரிந்துகொள்ளும்.

அண்ணனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கேள்விகளை வாசித்தேன். நான்காவது கேள்வி: "பெற்றோர் யாராவது தங்கள் பயத்தை உங்களிடம் நேரில் சொல்லியிருக்கிறார்களா? என்ன சொற்களில்?" அண்ணன் உடனே சொன்னார். லாரி ஓட்டும் ஒரு அப்பா பள்ளி வாசலில் நின்று கேட்டாராம்: "நான் தோட்டத்துப் பள்ளியில படிச்சவன் அண்ணே. எனக்கே மலாய்ல ஒரு கடிதம் எழுத வராது. என் பையனுக்கு எப்படி வரும்?" அந்தக் கேள்வி அப்படியே இரண்டாவது ஸ்லைடு ஆனது. பெரிய எழுத்தில் அது மட்டும். எந்தச் சாட்பாட்டாலும் அந்த வரியைத் தானாக எழுத முடியாது. ஆனால் அதை அண்ணன் நினைவிலிருந்து வெளியே கொண்டுவந்தது சாட்பாட் கேட்ட கேள்விதான்.

கையிலுள்ள சரக்கைக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி பதில் முடிந்ததும் உங்களிடம் இருக்கும் ஆவணங்களைக் கொடுங்கள். நாங்கள் முதலாம் ஆண்டுக் கால அட்டவணை, வாசிப்புத் திட்ட அறிவிப்பு, பதிவுக்குத் தேவையான ஆவணப் பட்டியல் மூன்றையும் படம் எடுத்துப் பதிவேற்றினோம். "இதில் இருப்பதை மட்டும் பயன்படுத்து, இல்லாததை நீயாகச் சேர்க்காதே" என்று ஒரு வரி கூடவே போக வேண்டும்.

பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை எண், மதிப்பெண் பட்டியல், வீட்டு முகவரி இவற்றைப் பதிவேற்றவே வேண்டாம். நம் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள விடும் தெரிவு பல சாட்பாட்களின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் பெயரை மறைத்துவிட்டே கொடுங்கள். பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது.

பழைய கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் சங்கங்களில் பல ஆண்டறிக்கைகள் யூனிகோடு வருவதற்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை வெட்டி ஒட்டினால் சாட்பாட்டுக்கு வெறும் குறியீடுகளாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு அது வாசித்ததை மூலத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டகம்

இப்போதுதான் ஸ்லைடைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் கோப்பு வேண்டாம், எழுத்தில் சட்டகம் மட்டும் போதும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்று கேளுங்கள்: திரையில் வரும் தலைப்பு, திரையில் காட்டப்போகும் பொருள், வாயால் சொல்லப்போவது. தலைப்பு ஒரு செய்தியைச் சொல்லும் முழு வாக்கியமாக இருக்கட்டும். திரையில் மொத்தம் 12 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலப் பயிற்சிகளில் வரிக்கு ஆறு சொல், பக்கத்துக்கு ஆறு வரி என்பார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. "புரிந்துகொள்ளமுடியாதவர்களுக்கு" என்ற ஒரே சொல் அரை வரியைத் தின்றுவிடும்.

மூன்றாவது ஸ்லைடுக்குச் சாட்பாட் முதலில் கொடுத்தது இது:

மும்மொழிக் கல்வியின் நன்மைகள்
• மாணவர்களின் மொழித்திறன் மேம்படுகிறது
• பல்வேறு கலாச்சாரங்களைப் புரிந்துகொள்ள உதவுகிறது
• எதிர்கால வேலைவாய்ப்புகளை அதிகரிக்கிறது
• தன்னம்பிக்கையை வளர்க்கிறது

இதில் தவறு என்று சுட்ட ஒன்றும் இல்லை. ஆனால் லாரி ஓட்டும் அப்பாவின் கேள்விக்கு இந்த நான்கு வரியில் எது பதில்? நான் எழுதினேன்: "இந்த நான்கையும் ஒரு பெற்றோர் கண்ணால் பார்க்க முடியாது. நான் கொடுத்த கால அட்டவணையிலிருந்து பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடு. இரண்டாவது ஸ்லைடில் உள்ள கேள்விக்கு அது நேரடிப் பதிலாக இருக்க வேண்டும்." திரும்பி வந்தது: "திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மலாய்ப் பாடம் உண்டு." கீழே அதே கால அட்டவணை, மலாய்ப் பாடக் கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம். புள்ளிகள் எதுவும் இல்லை. ஐந்து மஞ்சள் கட்டம், வரிசையாக. சனிக்கிழமை அந்த ஸ்லைடு வந்தபோது பின்வரிசையில் இருந்த இருவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

இப்படி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். "நன்றாக இல்லை, மாற்று" என்று மட்டும் சொன்னால் சொற்களைத்தான் மாற்றிப்போடும். ஏன் ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னால்தான் வேறு யோசனையோடு வரும்.

சட்டகம் முடிந்ததும் எட்டுத் தலைப்பையும் மட்டும் எடுத்து வரிசையாக வாசித்துப் பாருங்கள். கதை ஓடுகிறதா? எங்களுடையது இப்படி ஓடியது. உங்கள் பிள்ளைக்கு மூன்று மொழி. எனக்கே வராத மலாய் என் பையனுக்கு எப்படி வரும்? தினமும் மலாய்ப் பாடம் உண்டு. தமிழில் புரிந்த கணக்கு எந்த மொழியிலும் வரும். தமிழ்க் கல்வி 1816இல் இதே பினாங்கில் தொடங்கியது. வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும். பதிவுக்கு இவற்றைக் கொண்டு வாருங்கள். வகுப்பறையை இப்போதே வந்து பாருங்கள்.

ஆண்டும் எண்ணும்

ஐந்தாவது ஸ்லைடுக்கு அதிக நேரம் கொடுத்தோம். சாட்பாட் முதலில் எழுதியது: "மலேசியாவின் முதல் தமிழ்ப்பள்ளி 1816இல் பினாங்கில் கட்டப்பட்டது." கேட்க நன்றாக இருக்கிறது, பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி தொடங்கியது பினாங்கு ஃப்ரீ பள்ளி. அதைத் தொடங்கியவர் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். தமிழ் வகுப்பு அந்தப் பள்ளிக்குள் நடந்தது. தனியாகக் கட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்று அப்போது இல்லை. 2016இல் நாம் 200 ஆண்டு கொண்டாடியது தமிழ்க் கல்விக்கு. அதனால் திரையில் "1816: பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு" என்று போட்டோம். பெருமை இதில் ஒரு துளியும் குறையவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது எழுந்து கேட்டாலும் அண்ணன் தயங்காமல் பதில் சொல்லலாம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு மன்றத்தில் ஜார்ஜ் டவுனைப் பற்றிப் பேசப் போனபோது, குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலின் ஆண்டைச் சாட்பாட் கொடுத்தபடியே போட்டுவிட்டேன். 1883 என்று இருந்தது. பேசி முடித்து இறங்கியதும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, 1833. மாத்திடு." கூட்டத்தில் சொல்லாமல் தனியாகச் சொன்ன அந்த நல்ல மனத்தை இன்றும் நினைக்கிறேன். நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

சாட்பாட் பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து அடுத்து வரக்கூடிய சொல்லை அது கணிக்கிறது. 1833 வரவேண்டிய இடத்தில் 1883 வந்தாலும் வாக்கியம் அதே உறுதியோடுதான் ஒலிக்கும். அதனால் தொனியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நான் செய்வது இதுதான். சட்டகம் முடிந்ததும், "இதில் உள்ள எல்லா ஆண்டு, எண், பெயர், இடம் ஆகியவற்றையும் ஒரு அட்டவணையாகப் பிரித்துக் கொடு. எது நான் கொடுத்த ஆவணத்திலிருந்து வந்தது, எது நீ சேர்த்தது என்று பக்கத்தில் குறி" என்பேன். அது சேர்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தேடிப் பார்ப்பேன். இணையத் தேடல் வசதியோடு இணைப்பு கொடுத்தால் அந்த இணைப்பைத் திறந்து, அந்த வரி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று படிக்க வேண்டும். இணைப்பு இருப்பதாலேயே செய்தி சரி என்று ஆகிவிடாது. "இது உறுதியா?" என்று சாட்பாட்டையே திரும்பக் கேட்பதும் பயனில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியாக இருந்ததையும் மாற்றிவிடும்.

எண்ணிக்கைகள் இன்னும் வழுக்கும். நாட்டில் எத்தனை தமிழ்ப்பள்ளி என்று கேளுங்கள். 523 என்பது நாம் பல ஆண்டுகள் சொல்லிப் பழகிய எண். பிறகு புதிய பள்ளிகள் வந்து அது கூடியது. சாட்பாட் பழைய கட்டுரையையும் படித்திருக்கும், புதியதையும் படித்திருக்கும். ஒரே உரையாடலில் இரண்டு எண் சொல்லும். எண்ணைப் போட்டால் அது எந்த ஆண்டுக் கணக்கு என்றும் பக்கத்தில் போடுங்கள். பேச்சுக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுத்துவிட்டோம்.

நம் நாட்டுத் தமிழ்

சாட்பாட்கள் படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நம் சொற்களை அவை அறியாமல் இல்லை, ஆனால் சொல்லிவைத்தால்தான் எடுக்கும். "ஒன்றாம் வகுப்பு" என்று எழுதும். நமக்கு அது முதலாம் ஆண்டு. "மேல்நிலைப் பள்ளி" என்று எழுதும். நமக்கு இடைநிலைப் பள்ளி, படிவம் ஒன்று. சங்கத்தைக் "கழகம்" ஆக்கும். ஒரு தடவை சீருடைச் செலவை ரூபாயில் போட்டுக் கொடுத்தது. பெற்றோர் திரையில் "ஒன்றாம் வகுப்பு" என்று பார்த்த அடுத்த நொடியே இது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு சிறு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிய உரையாடலின் தொடக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். என்னிடம் ஏறக்குறைய முப்பது சொல் இருக்கிறது: முதலாம் ஆண்டு, படிவம், இடைநிலைப் பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம், மாவட்டக் கல்வி இலாகா, வெள்ளி (ரிங்கிட்), புலனம், எஸ்பிஎம் என்று போகும். பினாங்கு என்றால் முதலமைச்சர், பேராக் என்றால் மந்திரி பெசார் என்பதும் அதில் உண்டு.

சொல் சரியானாலும் நடை இடிக்கும். "மேலும்", "பல்வேறு", "முக்கியப் பங்கு வகிக்கிறது", "உறுதி செய்கிறது" இவை வரிக்கு வரி வரும். இவற்றைத் தடைசெய்யச் சொல்லலாம். அதைவிட நல்ல வழி, நீங்கள் பேசிய குரல் பதிவை எழுத்தாக்கி இருபது வரி மாதிரியாகக் கொடுத்து, "பேச்சுப் பகுதியை இந்த ஆள் பேசுவது போல எழுது" என்பது. அண்ணனின் பேச்சுக் குறிப்புகளை அப்படித்தான் எழுதவைத்தோம். கடைசியில் ஒற்று மிகும் இடம், ல ள ழ, ர ற, ன ண எல்லாவற்றையும் மனிதக் கண்ணால் பார்த்தாக வேண்டும். தமிழாசிரியர் ஒருவரிடம் எட்டுத் தலைப்பையும் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

எழுத்தை ஸ்லைடாக்குவது

சில சாட்பாட்கள் இப்போது பவர்பாயிண்ட் கோப்பையே செய்து பதிவிறக்கத் தருகின்றன. அவசரத்துக்கு உதவும். ஆனால் உள்ளே பார்த்தால் பல நேரம் ஒவ்வொரு வரியும் தனித்தனி உரைப்பெட்டியாக இருக்கும். பிறகு தீம் மாற்றினால் எழுத்து மாறாது. "உரைப்பெட்டி வரையாதே, லேயவுட்டில் உள்ள தலைப்பு இடத்தையும் உரை இடத்தையும் பயன்படுத்து" என்று சொல்லிவிடுங்கள். கென்வா, காமா போன்ற தளங்களும் எழுத்தைக் கொடுத்தால் அழகாக அடுக்கித் தரும். தமிழ் எழுத்துரு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கைக்குப் பழகியது வேர்டு வழி. சட்டகத்தை வேர்டில் ஒட்டுங்கள். ஸ்லைடுத் தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ஹெடிங் 1 ஆகும். கீழே வரும் வரிகளுக்கு அதேபோல் 2. சேமித்துவிட்டு வேர்டை மூடிவிடுங்கள். திறந்தே இருந்தால் பவர்பாயிண்ட் எடுக்காது. பிறகு பவர்பாயிண்டில் ஹோம் பகுதிக்குப் போய், நியூ ஸ்லைடு பொத்தானின் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கீழ்ப்பகுதியில் ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன் என்று இருக்கும். அதில் கோப்பைக் காட்டுங்கள். ஒவ்வொரு ஹெடிங் 1ம் ஒரு ஸ்லைடாக வந்து நிற்கும். வேர்டின் நிறமும் எழுத்துருவும் கூடவே வந்திருந்தால், இடப்பக்கம் எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து ரீசெட் அழுத்துங்கள். சுத்தமாகிவிடும்.

ஆசிரியர்கள் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளக் கணக்கில் கூகள் ஸ்லைட்ஸ் வைத்திருப்பார்கள். அங்கே எட்டு ஸ்லைடைக் கையால் ஒட்டிவிடுவதே சுலபம். ஐம்பது, அறுபது ஸ்லைடு என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஓடும் நிரலைச் சாட்பாட்டை எழுதச் சொல்லலாம். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் அது இருக்கிறது.

எழுத்துரு, அளவு, இடைவெளி

தமிழ்ப் படைப்புகள் மண்டபத்தில் சிதைவது பெரும்பாலும் எழுத்துருவால்தான். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு மண்டபக் கணினியில் இல்லையென்றால் வேறு ஒன்று ஏறி, வரிகள் உடைந்து, கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய்விடும். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும். கூகளில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் இலவசமாகக் கிடைக்கும். ஆப்பிள் கணினியில் இணைமதி உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது. எதைப் பயன்படுத்தினாலும், விண்டோஸ் பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதியச் சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். கூடவே பிடிஎஃப் படி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புக்கு 40 புள்ளி, மற்ற எழுத்துக்கு 28க்குக் குறையாமல். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரி இடைவெளியை 1.2 ஆக்குங்கள், இல்லையென்றால் "கூ"வின் வால் அடுத்த வரி "கி"யின் தலையில் இடிக்கும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்து சாய்ந்தால் அழகும் போகும், தெளிவும் போகும். நீண்ட தலைப்பு பொருள் முறியும் இடத்தில் மடிய வேண்டும். அங்கே ஷிஃப்ட் என்டர் அழுத்துங்கள்.

படங்கள்

செயற்கைப் படம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன், "மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவி" என்று. கழுத்தில் டையும் கட்டம் போட்ட சட்டையுமாக ஒரு பிள்ளை வந்தாள். நம் பிள்ளைகள் போடுவது வெள்ளைச் சட்டையும் கருநீல கவுனும். கரும்பலகையில் தமிழ் போலத் தோன்றும், எந்த எழுத்தும் இல்லாத கோடுகள். தமிழ்ப்பள்ளியைப் பற்றிய பேச்சில் தமிழே உடைந்து கிடக்கும் படத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் மறுநாள் காலை பள்ளிக்குப் போய் வகுப்பறை, நூலக மூலை, புத்தக அலமாரி மூன்றையும் கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதால் காலி நாற்காலிகளும் சுவரில் ஒட்டிய ஓவியங்களும்தான். அதுவே போதுமாக இருந்தது. படத்தில் எழுத்து வேண்டும் என்றால் பவர்பாயிண்டில் மேலே தட்டச்சு செய்யுங்கள்; படம் வரையும் கருவியிடம் தமிழ் எழுத்தைக் கேட்காதீர்கள்.

மலாய்ப் படி

மாவட்டக் கல்வி இலாகா அதிகாரி வந்தால் மலாயிலும் ஒரு படி கேட்பார்கள். மொழிபெயர்ப்பை நொடியில் தரும், ஆனால் இந்தோனேசியச் சொல் நுழைந்துவிடும். தொடக்கப்பள்ளிக்கு நாம் சொல்வது செகோலா ரெண்டா; அது செகோலா டாசார் என்று எழுதும். பெஜாபாட் என்பதற்குப் பதில் கந்தோர் வரும். "மலேசிய மலாய், கல்வி அமைச்சு பயன்படுத்தும் சொற்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மலாய் ஆசிரியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேசிப் பார்ப்பது

தட்டச்சு செய்த பேச்சுக் குறிப்பை ஒவ்வொரு ஸ்லைடின் நோட்ஸ் பகுதியில் ஒட்டுங்கள். ஆல்ட், எஃப் 5 அழுத்தினால் பேசுபவர் பார்க்கும் திரை எப்படி இருக்கும் என்று ஒரே கணினியில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு தடவை சத்தமாகப் பேசுங்கள். தமிழில் சொல் நீளம் என்பதால் ஆங்கிலக் கணக்கு பொருந்தாது. அண்ணன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் பேசினார். பத்து நிமிடத்துக்கு 900 சொல். சாட்பாட் எழுதியது 1,400. வெட்டச் சொன்னால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டும். அதனால் எந்தப் பகுதி போக வேண்டும் என்று அண்ணனே தீர்மானித்தார்.

பேசும்போது நாக்கு தடுமாறும் வாக்கியத்தை உடனே மாற்றுங்கள். அண்ணன் "அறிவாற்றல் வளர்ச்சி" என்ற இடத்தில் இரண்டு தடவை நின்றார். "பிள்ளை புரிஞ்சிக்கிறது" என்று மாற்றினோம், ஓடியது. அவரால் விளக்க முடியாத எந்தச் சொல்லும் திரையில் இருக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்.

கடைசியாகச் சாட்பாட்டுக்கு இன்னொரு வேலை: "நீ அந்த லாரி ஓட்டுநர் அப்பா. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டாய். இன்னும் தீராத மூன்று கேள்வி கேள்." வந்த மூன்றில் ஒன்று, "இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாய்தானே, அப்ப தடுமாற மாட்டானா?" என்பது. வெள்ளிக்கிழமை இரவு அண்ணன் அதற்குப் பதிலைத் தயார் செய்தார், தன் மகளின் அனுபவத்திலிருந்து.

அன்று காலை பென்டிரைவில் இரண்டு கோப்பு: பவர்பாயிண்ட் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. மின்னஞ்சலிலும் ஒரு படி. ஸ்லைடின் அளவு 16:9. அந்தப் பள்ளியின் பழைய புரொஜெக்டர் 4:3, அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தது. அரை மணி நேரம் முன்னால் போய்ப் போட்டுப் பார்த்ததால் யாரும் பதறவில்லை. எழுத்து பின்வரிசையிலிருந்து தெரிகிறதா என்று நடந்து போய்ப் பார்த்தோம். பேச்சின் நடுவே கேள்வி வந்தால் விசைப்பலகையில் ஆங்கில பி (B) எழுத்தை அழுத்தச் சொல்லியிருந்தேன். திரை கறுத்துவிடும், எல்லார் கண்ணும் பேசுபவர் பக்கம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும்.

கேள்வி நேரத்தில் ஒரு அம்மா அதே இடைநிலைப் பள்ளிக் கேள்வியைக் கேட்டார். அண்ணன் பி எழுத்தை அழுத்திவிட்டு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.